பணி முடிந்த பிராணியின் பாத்தியதை

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில், முல்லையாற்றின் கரையில் இருக்கிறது வீரபாண்டி. ஆண்டுதோறும் சித்திரையில் அங்குள்ள கௌமாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஜனங்கள் திரள் திரளாக வந்து கூடுவார்கள். இப்படிப்பட்ட பெருங்கூட்டங்களில் காவல் துறையினர் மோப்ப நாய்களைக் கொண்டு சோதனை செய்வது இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. பேருந்து நிலையமோ, ரயிலடியோ, பெருநாள் தொழுகைத் திடலோ, எங்கே வெடிபொருள் பயம் உண்டோ அங்கே ஒரு காவலரும் ஒரு நாயும் முன்னே நடக்கிறார்கள். கூட்டத்தில் நிற்பவர் எந்த மதத்தார் என்று அந்த நாய் பார்ப்பதில்லை. அது மோந்து பார்த்துவிட்டு நகர்ந்த இடத்தில் நாம் எல்லாரும் பிள்ளைகுட்டிகளோடு பயமின்றி நடக்கின்றோம்.

அந்த நாய்க்கு வயதான பிறகு என்ன ஆகின்றது? இந்தக் கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? கேட்டிருந்தாலும், "நாய்க்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நாம் தொழுகையாளிகள், நாயைத் தொடுவதே நமக்கு ஆகாது" என்று நம்மில் பலர் பேச்சை முடித்திருப்போம். ஆனால் கேள்வி அவ்வளவு எளிதில் முடியக் கூடியதன்று. அதில் மார்க்கச் சட்டமும் இருக்கின்றது, நன்றியுணர்வும் இருக்கின்றது. இரண்டையும் வைத்து நாம் நிதானமாகச் சிந்திப்போம்.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். காவல் துறைக்கென்று எடுக்கப்படும் நாய், சில மாதக் குட்டியாக இருக்கும்போதே ஒரு காவலரின் பொறுப்பில் விடப்படுகின்றது. அதற்குச் சோறு வைப்பவரும், குளிப்பாட்டுபவரும், பழக்குபவரும் அவரே. அவருடைய குரலுக்குத்தான் அது உட்காரும். அவருடைய கையசைவுக்குத்தான் அது ஓடும். வெடிமருந்தையோ, கஞ்சாவையோ, தப்பி ஓடிய திருடனின் வாடையையோ கண்டுபிடிப்பது அதன் வேலை. கண்டுபிடித்தால் அதற்குக் கிடைக்கும் கூலி, பெரும்பாலும் ஒரு பந்தும் ஒரு தட்டிக்கொடுத்தலும்தான். எட்டு, பத்து வருஷம் இப்படி உழைத்த பிறகு இடுப்பு மூட்டு தேய்கின்றது, கண்ணில் புரை விழுகின்றது, காது மந்தமாகின்றது. அப்போது அதற்கு ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள்.

கணக்குப் புத்தகத்தில் அந்த நாய் சர்க்கார் சொத்து. ஜீப் வண்டி, துப்பாக்கி, மேஜை நாற்காலி போல அதுவும் ஒரு சொத்து. வண்டி பழசாகிவிட்டால் ஏலம் போடலாம். உயிருள்ள ஒன்று பழசாகிவிட்டால்?

இந்தக் கேள்விக்கு உலகம் பல காலம் கொடூரமான பதிலையே சொல்லி வந்தது. வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்க ராணுவம் ஏறத்தாழ 4,000 நாய்களைப் பயன்படுத்தியது. அவை எத்தனையோ சிப்பாய்களின் உயிரைக் காத்தன. யுத்தம் முடிந்து படை திரும்பியபோது ஊர் வந்து சேர்ந்த நாய்கள் சுமார் 200 மட்டுமே. மற்றவை, வேண்டாத தளவாடம் என்ற கணக்கில் அங்கேயே விடப்பட்டன, அல்லது கொல்லப்பட்டன. 2000ஆம் ஆண்டில்தான், ஓய்வு பெற்ற நாய்களைப் பிறர் வளர்க்கக் கொடுக்கலாம் என்று அந்நாட்டில் சட்டம் வந்தது. ராபி என்ற நாயின் பெயரால் அந்தச் சட்டத்தைச் சொல்கிறார்கள். ராபியைக் கையாண்டவர் அதைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பிக் கேட்டார். அவருடைய கோரிக்கைதான் சட்டத்துக்கு வழி திறந்தது. ஆனால் நோயுற்றிருந்த ராபிக்கு அந்த வீடு கிடைக்கவில்லை. 2001ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதைக் கொன்றுவிட்டார்கள். பிறகு 2015இல் அந்தச் சட்டத்தை மேலும் திருத்தி, பழைய கையாளுநருக்கே முதல் உரிமை என்று வைத்தார்கள்.

நம் நாட்டின் கதையும் இதற்கு வெகு தூரமில்லை. ஓய்வு பெறும் ராணுவ நாய்களை, ஒருசிலவற்றைத் தவிர, கொன்றுவிடுவதே வழக்கம் என்பது 2015இல் தகவல் அறியும் சட்டத்தின் வழியாகக் கேட்ட கேள்விக்கு வந்த பதிலால் ஊரறிந்தது. விஷயம் டில்லி உயர்நீதிமன்றம் வரை போனது. இனி அப்படிச் செய்யாமலிருக்க வழி வகுப்பதாக அரசு தரப்பில் சொல்லப்பட்டது. 2019ஆம் ஆண்டில் நமது அண்டை மாநிலமான கேரளத்தின் காவல் துறை, திருச்சூரில் உள்ள தன் பயிற்சிக் கல்லூரியில், வயதான நாய்களுக்கென்று 'விஸ்ராந்தி' என்னும் ஓய்வில்லத்தைத் திறந்தது. அதே ஆண்டு நவம்பரில், டில்லி மெட்ரோ ரயிலைக் காத்து வந்த 7 நாய்களுக்கு மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் மரியாதை செய்து ஓய்வு கொடுத்தனுப்பினார்கள். பல இடங்களில், வளர்த்த காவலரே கேட்டால் அவரிடமே நாயை ஒப்படைக்கும் முறையும் வந்துகொண்டிருக்கின்றது.

இந்தக் கடைசி முறைதான் நம் கேள்விக்கு வித்து. நம் சமுதாயப் பிள்ளைகளும் காவல் துறையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நாய்ப் பிரிவில் பணி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குட்டியாக அவர் கையில் வந்த நாய்க்கு இப்போது பத்து வயது. "நீ கொண்டு போகிறாயா, வேறு யாருக்காவது கொடுக்கட்டுமா?" என்று அதிகாரி கேட்கிறார். அவர் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்கிறார். "தொழுகிற வீட்டிலா நாயைக் கட்டப் போகிறாய்? மலக்குமார்கள் வரும் வீடல்லவா இது?" என்கிறார் அவருடைய அம்மா. "அத்தா, அது பாவமில்லையா?" என்கிறது பிள்ளை. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கின்றது.

அந்தத் தாயின் சொல்லைக் கர்நாடகம் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. வேட்டைக்கும், ஆடுமாடுகளின் காவலுக்கும், விளைநிலத்தின் காவலுக்கும் அல்லாமல் நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து தினந்தோறும் குறைந்துகொண்டே போகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். நாயிருக்கும் வீட்டில் ரஹ்மத்துடைய மலக்குகள் நுழைவதில்லை என்ற ஹதீஸும் உறுதியானது. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கொண்டு, கழுவ வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். அந்த மத்ஹபில் நாயின் உடம்பு முழுவதுமே நஜீஸ். கம்பம் பள்ளத்தாக்கில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனபி மத்ஹபில் உடம்பு நஜீஸ் அல்ல; எச்சில் நஜீஸ். எந்த மத்ஹபானாலும் தொழுகையாளி எச்சரிக்கையாக இருக்க வேண்டிய விஷயம் இது.

ஆனால் அந்த ஹதீஸையே மீண்டும் படித்துப் பாருங்கள். வேட்டை, மந்தை, நிலம் என்று மூன்று விலக்குகள் அதிலேயே இருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுகிறவர்களிடம் நாய் இருக்கும். மலைமாடு மேய்ப்பவர்களிடம் நாய் இருக்கும். கோம்பை என்ற ஊரின் பெயராலேயே நாடறிந்த நாட்டு நாய் ஒன்று உண்டு. இந்த மூன்றையும் ஆதாரமாக வைத்து, வீட்டையும் வழியையும் காக்கவும் நாய் வைத்துக்கொள்ளலாம் என்பதே சரியான கருத்து என்று ஷாபிஈ மத்ஹபின் பெரும் இமாமான நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே மனிதர் உயிரைக் காக்கும் காவல் நாயைப் பழக்குவதில் குற்றமில்லை என்பது தெளிவு. மலக்குகள் பற்றிய ஹதீஸில், அனுமதிக்கப்பட்ட நாய்கள் சேரா என்று கத்தாபீ (ரஹ்) அவர்களும், எல்லா நாய்களும் சேரும் என்று நவவீ (ரஹ்) அவர்களும் கருத்துக் கொண்டிருக்கிறார்கள். பெரியோர்களே இரண்டு கருத்துக் கொண்ட இடத்தில், பேணுதலான வழி நாயை வீட்டுக்கு உள்ளே சேர்க்காமலிருப்பதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழக்கப்பட்ட வேட்டை நாய் பிடித்து வந்ததை உண்ணலாம் என்று குர்ஆன் ஷரீபின் ஐந்தாவது சூரா அனுமதிக்கின்றது. பழக்கப்படாத நாய் கடித்துக் கொன்றதை உண்ண முடியாது. இரண்டும் நாய்தான். ஆனால் மனிதர் கற்றுக்கொடுத்த கல்வி ஒன்றின் நிலையை மாற்றிவிடுகின்றது. அந்தக் கல்வியும் அல்லாஹ் மனிதருக்குக் கற்பித்ததிலிருந்து வந்தது என்று அதே வசனம் நினைவூட்டுகின்றது. நாம் கற்றுக்கொடுத்து, நமக்காக உழைக்க வைத்த ஒரு பிராணிக்கும் நமக்கும் நடுவே ஒரு பந்தம் ஏற்பட்டுவிடுகின்றது என்பதை இதிலிருந்து உணரலாம்.

இனி அந்தப் பிள்ளையின் பக்கத்தைப் பார்ப்போம். தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்கு அல்லாஹ் பாவம் பொறுத்ததை நாம் மதரஸாவில் ஓதிய நாளிலேயே கேட்டிருக்கின்றோம். பூனையைக் கட்டிவைத்து, தீனியும் போடாமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் போனதையும் கேட்டிருக்கின்றோம். இவை இரண்டும் பொதுவான இரக்கத்தைப் பற்றியவை. நம் கேள்விக்கு மிக நெருக்கமான சம்பவம் வேறொன்று இருக்கின்றது. அது அதிகமாகப் பேசப்படுவதில்லை.

நாயகம் (ஸல்) அவர்களுக்கு அள்பா என்ற பெண் ஒட்டகம் இருந்தது. அன்சாரிப் பெண்மணி ஒருவரை எதிரிகள் சிறைப்பிடித்தபோது அந்த ஒட்டகமும் அவர்கள் கையில் சிக்கியிருந்தது. ஓரிரவில் அப்பெண்மணி கட்டவிழ்த்துக்கொண்டு ஒட்டகங்களிடம் வந்தார். நெருங்கிய ஒட்டகமெல்லாம் கனைத்தது. அள்பா மட்டும் சத்தம் போடவில்லை. அதன் மீதேறி அவர் தப்பி மதீனா வந்து சேர்ந்தார். அல்லாஹ் தம்மைக் காப்பாற்றினால் அந்த ஒட்டகத்தையே அறுத்துக் குர்பானி கொடுப்பதாக வழியில் அவர் நேர்ந்துகொண்டிருந்தார். இது நாயகம் (ஸல்) அவர்களுக்குத் தெரிந்தபோது, காப்பாற்றி வந்த பிராணிக்கு இவர் கொடுக்கும் கூலி எவ்வளவு மோசமானது என்ற கருத்தில் வியந்து சொன்னார்கள். பாவமான காரியத்திலும், தனக்குச் சொந்தமில்லாத பொருளிலும் நேர்ச்சை செல்லாது என்றும் தீர்ப்பளித்தார்கள். முஸ்லிம் ஷரீபில் வரும் சம்பவம் இது.

ஒட்டகம் அறுத்து உண்ண ஹலாலான பிராணி. நேர்ச்சையோ வணக்க எண்ணத்தோடு செய்யப்பட்டது. அந்தத் தீர்ப்புக்கு அவருக்குச் சொந்தமில்லாத ஒட்டகம் என்பதே போதுமானது. அதோடு நில்லாமல், அந்தக் கூலியே கெட்டது என்றும் சொல்லிக் காட்டினார்கள் பெருமானார் அவர்கள். நம்மைச் சுமந்து கரை சேர்த்ததை, கரை சேர்ந்ததும் தீர்த்துக் கட்டுவது அவர்கள் பார்வையில் அசிங்கமாகத் தெரிந்தது. வெடிகுண்டு தேடிக் கூட்டத்தைக் காத்த நாயை, வயதானதும் ஊசி போட்டுக் கொல்வதை இந்த அளவுகோலால் நாம் அளந்து பார்க்கலாம்.

வயதான பிராணியின் விஷயத்தை நம் இமாம்கள் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாபிஈ இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதர் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, அது முடமாகியோ நோயுற்றோ பயனற்றுப் போனாலும் அதன் செலவை உடையவர் தாங்க வேண்டும் என்பதை அவற்றில் ஒன்றாக வைத்தார்கள். பயன் தீர்ந்தாலும் பாத்தியதை தீரவில்லை என்பது இதன் பொருள். ராபியின் பெயரால் சட்டம் வருவதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் கிதாபில் ஏறிவிட்ட வார்த்தை இது. பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. கிதாபில் இருந்தும் நாம் அதை நடைமுறையில் மறந்திருப்பது நமக்கு வெட்கம் தர வேண்டும் என்பதற்காகவே சொல்கின்றோம்.

"நஜீஸான ஒன்றுக்கு உரிமையா?" என்று சிலர் கேட்கக்கூடும். சுத்தத்தின் சட்டத்தைச் சொல்லும் அதே கிதாபுகளில் தயம்மும் பற்றிய பாடத்தைத் திறந்து பாருங்கள். பிரயாணத்தில் ஒளுச் செய்ய மட்டும் போதுமான தண்ணீர் இருக்கின்றது. கூட வந்த காவல் நாய் தாகத்தால் தவிக்கின்றது. அந்தத் தண்ணீரை நாய்க்கு வைத்துவிட்டு, மண்ணில் தயம்மும் செய்து தொழ வேண்டியதுதான். ஹனபி, ஷாபிஈ இரண்டு மத்ஹபின் கிதாபுகளிலும் இந்தக் கருத்தைக் காணலாம். எந்த நாய் வாய் வைத்தால் ஒளுவின் தண்ணீர் கெடுமோ, அந்த நாயின் தாகத்துக்காக அந்தத் தண்ணீரையே கொடுத்துவிடச் சொல்கிறது மார்க்கம். நஜீஸ் என்பது நாம் நம் உடம்பையும் உடுப்பையும் பேணிக்கொள்வதற்கான சட்டம். அந்தப் பிராணியை வெறுப்பதற்குக் கொடுத்த அனுமதிச் சீட்டாக அதை எடுத்துக்கொள்வது நம்முடைய தவறு.

"மனிதனுக்கே சோறில்லாத நாட்டில் நாய்க்கு ஓய்வூதியமா?" என்பது அடுத்த கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நாய்க்கு மிச்சப்படுத்திய காசு ஏழையின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாக எங்காவது கண்டதுண்டா? உழைத்ததை உதறிவிடுகிற கை, பழகிப் பழகி உழைத்தவரையும் உதறிவிடும். கடையில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவருக்கு முதுகு வளைந்ததும் கணக்கு முடித்து அனுப்புகிறவர் நம்மிடையே இல்லையா? உழவு மாடு நடக்க முடியாமல் போன அன்றே லாரிக்குக் காத்திருப்பவர் இல்லையா? பெற்றவர்களை மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் மாற்றி மாற்றி அனுப்புகிறவர்கள் இல்லையா? பிராணியிடம் தொடங்கும் இந்தப் பழக்கம் எங்கே போய் முடிகின்றது என்பதைச் சிந்தித்தால், அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் விளங்கும்.

ஹீலாவுக்கும் இங்கே இடம் கொடுக்கக் கூடாது. 'காவல் நாய்' என்று பெயர் சொல்லிவிட்டு, நாயை மெத்தையில் ஏற்றி, உண்ணும் தட்டில் பங்கு கொடுத்துக் கொஞ்சுவது வேறு. கடமையை நிறைவேற்றுவது வேறு. காவலுக்கும் ஆகாமல் போன கிழட்டு நாயை எந்த ஆதாரத்தில் வைத்துக்கொள்வது என்று கேட்டால், நம் கருத்து இதுதான்: அனுமதிக்கப்பட்ட பணிக்காக எடுத்து வளர்த்ததை, பணி முடிந்ததும் விரட்டிவிடும்படி எங்கும் சொல்லப்படவில்லை. பயனற்றுப் போனாலும் செலவைத் தாங்கு என்று இமாம் பெருமக்கள் பிராணிகள் பற்றிப் பொதுவாகச் சொல்லியிருக்கும்போது, விரட்டிவிட்ட பிராணிக்கு அந்தக் கடமையை எப்படி நிறைவேற்றுவது? இது ஃபத்வா அல்ல. அவரவர் ஊர் ஆலிம்களிடம் விவரம் சொல்லிக் கேட்டு நடப்பதே முறை.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. நாயின் கிரயத்தை ஹதீஸில் தடுத்திருப்பதால் ஷாபிஈ மத்ஹபில் அதை விற்பதும் வாங்குவதும் கூடாது. ஹனபி மத்ஹபில் பயனுள்ள நாய்க்கு அனுமதி உண்டு. சர்க்கார் ஏலம் போடாமல் வளர்த்தவருக்கே இனாமாக ஒப்படைத்தால் இந்தச் சிக்கலே எழாது. சர்க்கார்தான் அந்த நாயின் உழைப்பை அனுபவித்தது. ஆகவே வைத்தியச் செலவையாவது சர்க்கார் தாங்குவது நியாயம். காவலரின் சம்பளத்தில் பிள்ளைகளின் படிப்புச் செலவும் இருக்கின்றது. இங்கிலாந்தில் நாட்டிங்காம்ஷயர் காவல் துறை 2013இல் ஓய்வு பெற்ற நாய்களின் வைத்தியத்துக்கென்று மூன்று வருஷங்களுக்கு ஒரு தொகையை ஒதுக்கியது. நம் நாட்டில் முடியாத காரியமல்ல.

வளர்த்தவரிடமே ஏன் கொடுக்க வேண்டும், யாரிடம் இருந்தால் என்ன என்று நினைக்கலாம். 2020 ஆகஸ்டில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண்சரிந்து, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த நம் தமிழ் மக்கள் 70 பேர் மாண்டார்கள். குவி என்ற வளர்ப்பு நாய், தான் கூட விளையாடிய சின்னக் குழந்தையைப் பல நாள் தேடி, அதன் உடல் கிடந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது. தீனி தின்னாமல் வாடிக் கிடந்த அதை இடுக்கி மாவட்டக் காவல் துறையின் நாய்ப் பிரிவு எடுத்துப் பேணியது. அடுத்த ஆண்டில், அந்தக் குடும்பத்தில் உயிர் தப்பிய பாட்டியிடமே அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். காவலர்கள் அதற்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இருந்தும், அது யாருடையது என்று அறிந்து அங்கேயே கொண்டு சேர்த்தார்கள். பிராணிக்கும் சொந்தம் உண்டு என்பதை அந்த மலைநாட்டார் அறிந்திருந்தார்கள்.

இனி அந்தக் காவலரின் வீட்டுக்கு வருவோம். தாயும் பிள்ளையும் வேறு வேறு பக்கம் இழுக்கத் தேவையில்லை. குர்ஆன் ஷரீபில் கஹ்பு சூராவில் குகைத் தோழர்களைப் பற்றிச் சொல்லும் அல்லாஹ், அவர்களுடைய நாயையும் சேர்த்துச் சொல்கிறான். குகையின் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்ததாக அதன் இடத்தையும் சொல்கிறான். முந்நூறு ஆண்டும் மேலும் ஒன்பதும் அவர்கள் உறங்கினார்கள். அவ்வளவு காலமும் அந்த நாய் உள்ளே போய் அவர்கள் படுக்கையில் சேரவும் இல்லை. வெளியே துரத்தப்படவும் இல்லை. நல்லடியார்களின் எண்ணிக்கையைச் சொல்லும் இடங்களில் கடைசியாக அதையும் எண்ணினார்கள்.

அந்த வாசலே நமக்கு வழி காட்டட்டும். தோட்டம் உள்ளவர் தோட்டத்தில் ஒரு கொட்டகை போடட்டும். முற்றம் உள்ளவர் முற்றத்தின் ஓரத்தில் வெயிலும் மழையும் படாத இடம் கொடுக்கட்டும். அதற்கென்று தனித் தட்டு, தனிச் சட்டி வைக்கட்டும். தொழும் இடத்தையும் உடுப்பையும் பேணிக்கொள்ளட்டும்; எச்சில் பட்டால் தம் மத்ஹபின்படி கழுவிக்கொள்ளட்டும். இடமே இல்லாத வீடென்றால், நல்ல மனிதர் ஒருவரின் தோப்பிலோ ஓய்வில்லத்திலோ சேர்த்துவிட்டு, போய்ப் பார்த்து வரட்டும். அப்படி ஏற்பாடு செய்வதும் கடமையை நிறைவேற்றியதாகவே ஆகும். தெருவில் விடுவதும், கொல்லச் சொல்லிக் கையெழுத்துப் போடுவதும்தான் செய்யக் கூடாதவை. தீராத நோயால் அது துடிக்கும் நிலை வந்தால் கால்நடை வைத்தியரும் ஆலிமும் சேர்ந்து சொல்வதைக் கேட்கலாம். செலவு மிச்சம் என்பது அங்கே காரணமாக வரக் கூடாது.

அந்த நாய்க்குத் தான் செய்த சேவையின் அளவு தெரியாது. எத்தனை உயிர் தன்னால் பிழைத்தது என்று அது கணக்கு வைக்கவில்லை. யாரிடமும் கூலி கேட்டு நிற்கவும் அதற்கு நாவில்லை. கேட்கத் தெரியாதவனின் கூலியைக் கொடுப்பவன்தான் மெய்யான நேர்மையாளன். அமானிதத்தைப் பற்றி நாளை மறுமையில் கேட்கப்படும்போது, வாயில்லாதவற்றின் வழக்கும் அங்கே வரும் என்பதை நாம் அஞ்சி நடக்க வேண்டும்.

நமக்காக உழைத்து ஓய்ந்த ஒவ்வோர் உயிருக்கும் நம் வாசலில் ஓர் இடம் வைக்கும் மனத்தை வல்ல நாயன் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.